பழைய டூரிங் ஃபேரிங், சைடு பாக்ஸ்: சீரமைத்து வண்டியில் ஏற்றும் முழு வழிகாட்டி

ஃபேரிங் என்பது மோட்டார் சைக்கிளின் முன்னால் காற்றைத் தடுக்க மாட்டும் உறை. 1970, 80களைச் சேர்ந்த, நீண்ட பயணத்துக்கான பெரிய டூரிங் ஃபேரிங் ஒன்று கைக்கு வந்ததும், பெரும்பாலானவர்கள் உப்புத்தாளும் பெயின்ட்டும் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பளபளவென்று அடித்து முடித்து வண்டியில் வைத்துப் பார்த்தால் துளைகள் ஒத்துவராது, ஹேண்டில்பார் இடிக்கும். மறுபடி துளைத்து, மறுபடி ஒட்டி, பெயின்ட் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சரியான வரிசை வேறு. முதலில் வண்டியும், ஃபேரிங்கைச் சேஸில் பிடித்து நிறுத்தும் பிராக்கெட்டும். அடுத்து, எந்த வேலையும் செய்யாத ஃபேரிங்கை அப்படியே ஏற்றி அளவு பார்ப்பது. பிறகு விரிசல், வயரிங், பெட்டிச் சட்டம். பெயின்ட் இவை எல்லாவற்றுக்கும் பின்னால். கீழே உள்ளது சேஸில் பொருந்தும் ஃபேரிங்குக்கானது. ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும் சிறிய விண்ட்ஷீல்டுக்கு இதில் பாதி தேவைப்படாது.

1. வாங்கும் முன் பார்க்க வேண்டியது

முதல் கேள்வி பிராக்கெட் இருக்கிறதா என்பதுதான். அந்தக் காலத்து ஃபேரிங்குகள் இரண்டு வகை. பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்டி, ஹோண்டா கோல்டு விங் இன்டர்ஸ்டேட் போன்றவற்றில் தொழிற்சாலையிலேயே வந்தவை ஒரு வகை. அமெரிக்காவின் கிரெய்க் வெட்டர் உருவாக்கிய விண்ட்ஜாமர் போல, ஒரே உடலைப் பல வண்டிகளுக்கும் விற்று, வண்டிக்கு ஏற்ற பிராக்கெட்டைத் தனியாகக் கொடுத்தவை இன்னொரு வகை.

இரண்டாம் வகையில் ஃபேரிங் மலிவாகக் கிடைக்கும், உங்கள் வண்டிக்கான பிராக்கெட் கிடைக்காது. வேறு வண்டியின் பிராக்கெட்டை வளைத்து ஒப்பேற்றலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிக்காது. சேஸ் குழாயின் விட்டம், எஞ்சின் போல்ட்டின் இடைவெளி, ஸ்டியரிங் தலையின் சாய்வு மூன்றுமே மாறும். உடல் உடைந்திருந்தாலும் பிராக்கெட் முழுமையாக உள்ள செட்டை எடுப்பது மேல்.

அடுத்து ஹெட்லைட் வளையம், அதைச் சாய்க்கும் திருகு அமைப்பு, பாக்கெட் மூடிகள், பூட்டு, சாவி. பெட்டிகளில் கீல், தாழ்ப்பாள், சட்டத்தில் மாட்டும் கொக்கி. தட்டையான பரப்பில் உள்ள ஓட்டையை யாரும் அடைத்துவிடலாம். அச்சில் வார்த்த மூடியோ கொக்கியோ போனால் அதைப் புதிதாகச் செய்வது மிகக் கடினம்.

2. என்ன பொருள் என்று கண்டுபிடிப்பது

ஒட்டும் முறை முழுக்க இதைப் பொறுத்தது. ஃபேரிங் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக். பெட்டிகளில் இவற்றோடு பாலிபுரொப்பிலீனும் வரும்.

உட்புறத்தைப் பாருங்கள். சொரசொரப்பாக, இழை தெரிந்தால் ஃபைபர் கிளாஸ். இரு பக்கமும் வழவழப்பாக, உடைந்த விளிம்பு உள்வரை ஒரே நிறமாக இருந்தால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம். உறுதிசெய்ய, வெளியே தெரியாத மூலையில் பஞ்சில் தொட்ட அசிட்டோன் ஒரு துளி வையுங்கள். சில நொடிகளில் பிசுபிசுத்தால் ஏபிஎஸ். துளி பெயின்ட் மேல் அல்ல, வெறும் பிளாஸ்டிக் மேல் விழ வேண்டும். பழைய பெயின்ட்டே கரைந்து பிசுபிசுத்து ஏமாற்றிவிடும்.

அசிட்டோனுக்கு அசையாமல், தொட்டால் மெழுகுபோல் இருந்தால் ஒரு சிறு துண்டைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். பாலிபுரொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் மூழ்கும். பாலிபுரொப்பிலீனில் சாதாரணப் பசை எதுவும் சரியாக நிற்காது. பிளாஸ்டிக் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும்.

3. வண்டியை முதலில் சரிசெய்வது

ஃபேரிங்கும் நிறைந்த பெட்டிகளும் சேரும்போது, வண்டியில் ஏற்கனவே இருக்கும் சிறு தளர்வுகள் பெரிதாக வெளிப்படும். ஏற்றியபின் வரும் ஆட்டத்துக்குப் பலரும் ஃபேரிங்கைக் குறை சொல்வார்கள்; காரணம் பெரும்பாலும் கோன் செட்டில், அதாவது ஹேண்டில் திரும்பும் ஸ்டியரிங் தலையின் பேரிங்கில், இருக்கும்.

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை மெதுவாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தங்கினால் கோன் செட் தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். ஃபோர்க்கின் அடிமுனையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் தட்டும் உணர்வு வரக் கூடாது. இந்த வேலையை இப்போதே முடித்துவிடுவது நல்லது, ஃபேரிங் ஏறியபின் மேல் நட்டை எட்டுவதே பெரும்பாடு.

சுவிங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கை) புஷ், சக்கர பேரிங், டயரின் வயது ஆகியவற்றையும் பாருங்கள். பழைய ஃபோர்க் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் புதிய சுமையில் முன்பகுதி இறங்கிவிடும். நீங்கள் ஏறி உட்காரும்போது ஃபோர்க்கின் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் மேல் ஸ்பேசர் வைக்கவோ, கடினமான ஸ்பிரிங் போடவோ வேண்டும்.

4. பிராக்கெட்

துருவைப் பிரஷால் முழுக்க நீக்கி, வெல்டிங் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். விரிசல் வழக்கமாக வெல்டின் ஓரத்தில், குழாய் வளையும் இடத்தில் இருக்கும். சந்தேகமான இடத்தில் சாயம் ஊடுருவும் ஸ்பிரே அடித்தால் சிவப்புக் கோடாகத் தெரியும். விரிசல் மேல் பெயின்ட் அடித்து மறைக்காதீர்கள். தோண்டி மறுபடி வெல்டு செய்ய வேண்டும், அதுவும் வண்டியிலிருந்து கழற்றி வைத்து.

சேஸைக் கவ்வும் கிளாம்பின் உட்பரப்பில் பவுடர் கோட்டிங் கனமாக இருக்கக் கூடாது. அதன் மேல் இறுக்கினால் கோட்டிங் நசுங்க நசுங்க போல்ட் தளரும். சேஸ் பெயின்ட்டைக் காப்பாற்ற டியூப் ரப்பரை இடையில் வைப்பதும் இதே சிக்கலைத் தரும். கீறல் பயம் இருந்தால் மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றி அதன் மேல் கிளாம்பை இறுக்குங்கள்.

போல்ட் எல்லாம் புதிதாக, 8.8 தரத்தில். எம்8 என்றால் 22 முதல் 25 நியூட்டன் மீட்டர், எம்6 என்றால் 9 முதல் 10. இது இரும்பும் இரும்பும் சேரும் இடத்துக்கு மட்டும். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டோடு பிராக்கெட் சேர்ந்தால், நீளம் கூடிய போல்ட் வாங்கி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுக்கே இறுக்குங்கள். பழைய போல்ட்டில் நட்டு பாதி மரைதான் பிடிக்கிறது என்றால் அது விட்டுப்போகும்.

இறுக்கும் வரிசையும் முக்கியம். எல்லா போல்ட்டையும் கையால் முடுக்கி நிறுத்தி, பின்னால் நின்று பார்த்துப் பிராக்கெட் சேஸுக்கு நேராக உள்ளதா என்று சரிசெய்த பிறகே ஸ்பேனர். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் பிராக்கெட் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு நேரே ஃபேரிங்கில் ஏறி, சில மாதங்களில் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

5. வெறும் ஃபேரிங்கை ஏற்றிப் பார்ப்பது

அதிக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டம் இது. விரிசல்களை உட்புறம் டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, இரண்டு பேராகத் தூக்கி வையுங்கள்.

முதலில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். கைப்பிடி முனை, கிளட்ச், பிரேக் லீவர், கண்ணாடித் தண்டு, பிரேக் எண்ணெய்க் கிண்ணம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஃபேரிங்குக்கும் இடையில் குறைந்தது 15 மி.மீ. வேண்டும். லீவரைப் பிடித்திருக்கும் விரல்களின் தடிமனையும் கணக்கில் சேருங்கள். வெறும் லீவருக்கு இடம் இருந்து, கையுறை போட்ட விரல் நசுங்கும் வண்டிகள் உண்டு. இடம் போதாவிட்டால் ஃபேரிங்கை வெட்டுவதற்கு முன், ஹேண்டிலைக் கொஞ்சம் பின்னால் சுழற்றியோ குறுகலான ஹேண்டில் போட்டோ பாருங்கள்.

இரண்டாவது, ஃபோர்க் முழுக்க அழுந்திய நிலை. ராட்செட் பட்டையால் முன்பகுதியைக் கீழே இழுத்துக் கட்டி, அதே நிலையில் மறுபடியும் இரு பக்கம் திருப்புங்கள். நிற்கும் வண்டியில் மட்கார்டு தொடாது. பெரிய பள்ளத்தில் ஃபோர்க் இறங்கும்போதுதான் அது ஃபேரிங்கின் அடிப்பகுதியையோ வயரையோ அடிக்கும். புதியவர்கள் தவறாமல் விட்டுவிடும் சோதனை இதுதான்.

மூன்றாவது கேபிள்கள். ஆக்சிலரேட்டர், கிளட்ச் கேபிள்களும் பிரேக் ஹோஸும் ஃபேரிங்குக்கும் சேஸுக்கும் நடுவில் சிக்காமல் போகும் வழியை இப்போதே முடிவுசெய்யுங்கள். எஞ்சினை ஐடிலில் விட்டு ஹேண்டிலைத் திருப்பும்போது வேகம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது. இப்படியே ஓட்டக் கூடாது. யூ டர்னில் வண்டி தானாகப் பாயும்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: சாவி போட முடிகிறதா, ஸ்டியரிங் பூட்டு விழுகிறதா, டேங்க் மூடி முழுக்கத் திறக்கிறதா, சோக்கை எட்ட முடிகிறதா, ஹார்னின் வாய் அடைபடாமல் இருக்கிறதா.

கடைசியாக, பிராக்கெட்டின் துளைக்கும் ஃபேரிங்கின் துளைக்கும் எவ்வளவு விலகல் என்று குறித்துக்கொள்ளுங்கள். 3 மி.மீ. வரை என்றால் பிராக்கெட் துளையை நீளவாக்கில் அரத்தால் பெரிதாக்கலாம். அதற்கு மேல் என்றால் பிராக்கெட் வளைந்திருக்கிறது அல்லது பிளாஸ்டிக் கோணியிருக்கிறது. வலுவில் இழுத்து போல்ட் போடாதீர்கள். கோணிய ஏபிஎஸ்ஸை ஹீட் கன்னால் தள்ளி நின்று சீராகச் சூடாக்கி, வளைந்துகொடுக்கும் பதம் வந்ததும் பிராக்கெட்டில் கட்டி, ஆறும்வரை விடலாம். ஏபிஎஸ் 100 டிகிரியை ஒட்டியே மென்மையாகிவிடும், ஹீட் கன் காற்றோ பல நூறு டிகிரி. ஒரே இடத்தில் காட்டினால் குமிழ் விடும்.

6. விரிசல்: ஏபிஎஸ்

ஃபேரிங்கைக் கழற்றி மேசையில் வைத்து விரிசலை ஒட்டுவதைவிட, முதல் பிடிப்பை வண்டியில் இருக்கும்போதே போடுவது நல்லது. அப்போதுதான் துளைகள் பிராக்கெட்டோடு ஒத்த நிலையிலேயே வடிவம் உறையும். பாதி இறுக்கிய நிலையில் உட்புறமாக அங்கங்கே பசை வைத்து, ஒரு நாள் காயவிட்டு, பிறகு கழற்றி மீதி வேலையைச் செய்யுங்கள்.

பசை நீங்களே தயாரிக்கலாம். அதே ஃபேரிங்கின் உபயோகமற்ற ஓரத்திலிருந்தோ ஏபிஎஸ் தகட்டிலிருந்தோ சிறு சில்லுகள் வெட்டி, எடையில் ஒரு பங்கு சில்லுக்கு இரண்டு பங்கு அசிட்டோன் ஊற்றி, கண்ணாடிச் சீசாவில் இறுக மூடி ஓர் இரவு வையுங்கள். தேன் பதம் வர வேண்டும். அசிட்டோன் ஆவி தீப்பிடிக்கும். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்போ தீப்பொறியோ கூடாது.

விரிசலின் முனையில் 3 மி.மீ. துளை போடுங்கள். விரிசல் கூர்முனையிலிருந்துதான் நீளும். வட்டத் துளை அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடும். முனை கண்ணுக்குத் தெரிவதைவிடச் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், லேசாக வளைத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்.

உட்புறத்திலிருந்து தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்கு வி வடிவில் குடைந்து, பசையை மெல்லிய பூச்சாக நிரப்புங்கள். ஒரு பூச்சு 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம், அடுத்த பூச்சுக்குச் சில மணி நேரம் விடுங்கள். ஒரேயடியாக நிரப்பினால் மேலே தோல் கட்டி, உள்ளே அசிட்டோன் மாட்டிக்கொள்ளும். அது வாரக்கணக்கில் மெதுவாக வெளியேறும்போது பரப்பு உள்வாங்கி, பெயின்ட்டுக்கு மேல் கோடாகத் தெரியும்.

நிரப்பியபின் விரிசலின் இரு பக்கமும் 25 மி.மீ. பரவும்படி 2 மி.மீ. ஏபிஎஸ் பட்டையை உட்புறம் ஒட்டுங்கள். வலு இந்தப் பட்டையில்தான். வெளிப்புறக் குடைவு மெலிதாக இருந்தால் போதும். உப்புத்தாள் போடும் முன் குறைந்தது 48 மணி நேரம். கனமான இடங்களில் ஒரு வாரம் விட்டாலும் தப்பில்லை.

பாலியஸ்டர் ரெசினும் ஃபைபர் துணியும் வைத்து ஏபிஎஸ்ஸை ஒட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. பார்க்கக் கல்போல் இருக்கும், அதிர்வில் முழுத் தகடாக உரிந்து வரும். முன்பு யாரோ அப்படி ஒட்டியிருந்தால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

7. விரிசல்: ஃபைபர் கிளாஸ்

இங்கே வேலை எளிது, தூசிதான் மோசம். பி2 அல்லது அதற்கு மேலான வடிகட்டி உள்ள முகமூடி, முழுக்கைச் சட்டை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உட்புறத்தை 80 எண் உப்புத்தாளால் தேய்த்து, விரிசலிலிருந்து வெளிநோக்கிச் சரிவாக்குங்கள். தடிமன் 3 மி.மீ. என்றால் சரிவு இரு பக்கமும் சுமார் 35 மி.மீ. நீள வேண்டும். செங்குத்தான ஓரத்தில் வைத்த துணி அந்த ஓரத்திலேயே மறுபடி உடையும். சிறிய துண்டு, அதைவிடப் பெரியது, அதற்கும் பெரியது என்று மூன்று அடுக்கு ஃபைபர் துணியைப் பாலியஸ்டர் ரெசினில் ஊறவைத்து, காற்றுக் குமிழ் போகும்படி பிரஷால் குத்திக் குத்தி அமர்த்துங்கள்.

ரெசினை உறையவைக்கும் கேட்டலிஸ்ட்டின் அளவு 1 முதல் 2 சதவீதம். வெயில் நாளில் 1, குளிரில் 2. சீக்கிரம் உறையட்டும் என்று கூட்டி ஊற்றினால் ரெசின் சூடேறி நொறுங்கும் தன்மை பெறும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கண்ணாடி போடாமல் சீசாவைத் திறக்காதீர்கள்.

8. வயரிங்

ஃபேரிங் பிளாஸ்டிக், மின்சாரம் கடத்தாது. இரும்பு ஹெட்லைட் கிண்ணத்திலும் இண்டிகேட்டர் தண்டிலும் சேஸ் வழியாகக் கிடைத்த எர்த் இங்கே கிடையாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, பேட்டரி மைனஸுக்கோ சுரண்டிச் சுத்தமாக்கிய சேஸ் போல்ட்டுக்கோ கொடுங்கள். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் மங்கலாக மின்னுகிறது என்றால் காரணம் எர்த்தான்.

ஜெனரேட்டரின் திறனை முதலில் கணக்கிடுங்கள். 1970களின் ஹோண்டா சிபி750 போன்ற பெரிய வண்டிக்கே மொத்தம் 210 வாட் தான், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. எச்4 ஹெட்லைட் 60 வாட், பிரேக் லைட் 21, இரண்டு இண்டிகேட்டர் 42, இவற்றோடு இக்னிஷன். கூடுதல் விளக்கோ ஹீட்டர் கைப்பிடியோ சேர்த்தால் நகரத்துக்குள் ஓட்டும்போது பேட்டரி இறங்கும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுங்கள்; கைச் சுவிட்சின் சிறு மின்னோட்டத்தால் விளக்கின் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச் அது. பழைய சுவிட்சும் மெல்லிய வயரும் 5 ஆம்பியரைச் சுமக்கும்போது வோல்டேஜ் குறைந்து வெளிச்சம் மஞ்சளாகும். பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், பிறகு ரிலே, அங்கிருந்து பல்புக்கு 1.5 சதுர மி.மீ. ஹை, லோ இரண்டுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி 10 ஆம்பியர் ஃபியூஸ். ஒன்று போனாலும் மற்றது எரியும்.

ஃபேரிங்குக்குப் போகும் வயர்கள் எல்லாம் ஒரே தண்ணீர் புகாத கனெக்டர் வழியாகப் போகட்டும். இல்லாவிட்டால் முன்சக்கரமோ ஃபோர்க்கோ கழற்றும் நாளில் பத்து வயரை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டிவரும். கைச் சுவிட்சுகளிலிருந்து வரும் வயர்கள் ஹேண்டில் முழுக்கத் திரும்பினாலும் விறைக்காத அளவு தொய்வாக இருக்க வேண்டும். வயர் பிளாஸ்டிக்கைக் கடக்கும் ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம் போடுங்கள்.

9. பெட்டிச் சட்டம்

சட்டத்துக்கு ஒவ்வொரு பக்கமும் குறைந்தது மூன்று பிடிமானம் தேவை: ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட் பகுதி, பின் இருக்கைக் கால்தாங்கி, வால்பகுதிச் சேஸ். சுவிங் ஆர்மோடு எதையும் இணைக்கக் கூடாது, அது மேலும் கீழும் அசையும் உறுப்பு.

இடது சட்டத்தையும் வலது சட்டத்தையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இணைக்கும் குறுக்குக் கம்பி கண்டிப்பாக வேண்டும். பழைய செட்டுகளில் முதலில் தொலைவது இதுதான், தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இரு பெட்டிகளும் தனித்தனியே அசைந்து, வேகத்தில் வண்டியின் பின்பகுதியையே ஆட்டும். கிடைக்காவிட்டால் 14 முதல் 16 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள இரும்புக் குழாயில் செய்துகொள்ளலாம். முதலில் தடித்த அட்டையிலும் கம்பியிலும் மாதிரி செய்து பார்த்து, பிறகு குழாயை வளையுங்கள்.

சைலன்சருக்கும் பெட்டியின் அடிக்கும் இடையே 50 மி.மீ. இருக்கட்டும். குறைந்தால் நடுவில் அலுமினியத் தகடு, தகட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் காற்று போக இடைவெளி. பின் ஷாக்கைக் கழற்றிச் சக்கரத்தை முழுக்க மேலே தூக்கிப் பார்த்தால் டயரோ செயினோ பெட்டியைத் தொடுமா என்று தெரிந்துவிடும். தொழிற்சாலை இண்டிகேட்டர் மறைந்தால் பக்கவாட்டிலிருந்தும் தெரியும்படி பின்னால் நகர்த்துங்கள்.

பெட்டி எவ்வளவு முன்னால், எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நல்லது. பின்னால் இருப்பவரின் கெண்டைக்கால் இடிக்காத எல்லைவரை முன்னால் கொண்டுவாருங்கள். டாப் பாக்ஸ் பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் அதில் போடும் ஒவ்வொரு கிலோவும் முன்சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும். மழைக்கோட்டு, கையுறை மாதிரி லேசான சாமானுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

10. மூடி, தாழ்ப்பாள், ரப்பர்

பழைய ரப்பர் பட்டை கல்லாகியிருக்கும். முழுக்க எடுத்துவிட்டு, மூடிய அறைகள் கொண்ட ஈபிடிஎம் ரப்பர் ஃபோம் பட்டை ஒட்டுங்கள். மூடும்போது தடிமனில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் பட்டைதான் சரியான அளவு. இன்னும் தடித்ததைப் போட்டால் தண்ணீர் வராது என்று நினைத்தால், மூடி வளைந்து நடுவில் வாய் திறக்கும், கீல் உடையும். பட்டையின் இணைப்பு கீல் பக்கமாக, பெட்டியின் கீழ்ப்பகுதியில் வரட்டும்.

பூட்டில் எண்ணெய் விடாதீர்கள், தூசி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் போதும். தாழ்ப்பாள் எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பெட்டியைச் சுற்றிச் சட்டத்தோடு ஒரு நாடா கட்டிக்கொள்ளுங்கள்.

11. பெயின்ட்

இப்போது எல்லாம் பொருந்தியாகிவிட்டது, துளைகள் முடிந்துவிட்டன. கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பால் இருமுறை கழுவுங்கள். பழைய மெழுகும் சிலிக்கோனும் போகாவிட்டால் பெயின்ட் மீன்கண் போலக் குழி விடும்.

ஏபிஎஸ்ஸில் பெயின்ட் ரிமூவர் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கே கரையும். பழைய பெயின்ட் உறுதியாக இருந்தால் 320 எண்ணால் தேய்த்து அதன் மேலேயே போகலாம். பிரைமரின் முதல் பூச்சு தூவல்போல் மெலிதாக, காய்ந்தபின் அடுத்தது. கனமாக, ஈரமாக அடித்தால் தின்னர் பிளாஸ்டிக்குள் இறங்கி, வளைவுகளிலும் துளையோரங்களிலும் சிலந்தி வலை போன்ற நுண்விரிசல் விடும். உலர்த்தும் சூடு 60 டிகிரியைத் தாண்டக் கூடாது.

இரண்டு கலவைப் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, சுவாசத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. வெளிக்காற்று தரும் முகமூடி இல்லாவிட்டால் பெயின்ட் ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

12. விண்ட்ஷீல்டு

உயரம்தான் முக்கியம். வழக்கமான தோரணையில் உட்கார்ந்து பார்த்தால் பார்வை விண்ட்ஷீல்டின் மேல்விளிம்புக்கு மேலே போக வேண்டும். விளிம்பு மூக்கின் உயரத்தில் வந்தால் சரி. அதன் வழியாகப் பார்த்து ஓட்டும் அமைப்பு மழை இரவில் கண்ணைக் கட்டிவிடும். வெட்ட வேண்டுமானால் இரு பக்கமும் டேப் ஒட்டி, நுண்பல் ஜிக்சாவால் முதலில் 1 செ.மீ. மட்டும் எடுத்து, ஓட்டிப் பார்த்து, பிறகு மீதி. சில சமயம் குறைத்தபின் தலையில் காற்றடி கூடும். திரும்ப ஒட்ட முடியாது, அதனால் அவசரம் வேண்டாம்.

அக்ரிலிக் என்றால் கீறலை 800, 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து பாலிஷ் செய்யலாம். மேற்பூச்சுள்ள பாலிகார்பனேட்டில் இது பலிக்காது, மங்கலாகிவிடும். நுண்விரிசல் விட்ட விண்ட்ஷீல்டு எதுவானாலும் மாற்றுங்கள். பெட்ரோல், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம், பிரேக் எண்ணெய் எதுவும் படக் கூடாது.

5 மி.மீ. திருகுக்கு 7 மி.மீ. துளை. வெயிலில் விண்ட்ஷீல்டு விரியும், இடம் இல்லாவிட்டால் துளையிலிருந்து விரிசல் கிளம்பும். நைலான் திருகு, ரப்பர் வாஷர், கையால் இறுக்கினால் போதும். மோதலில் திருகு உடைந்து விண்ட்ஷீல்டு விலகட்டும் என்பதற்காகவே நைலான். அதை ஸ்டீலாக மாற்றுவது தரத்தைக் கூட்டுவதல்ல, பாதுகாப்பை எடுத்துவிடுவது.

13. கடைசியாகப் பூட்டுவது

பிளாஸ்டிக் வழியாகப் போகும் ஒவ்வொரு போல்ட்டிலும் ரப்பர் புஷ், அதனுள் உலோகக் குழல், வெளியே அகன்ற வாஷர். குழலின் நீளம் ரப்பரைவிட 1 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். அப்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கியதும் போல்ட் குழலில் முட்டி நின்றுவிடும். இறுக்கம் உலோகத்தில், பிளாஸ்டிக்கில் இல்லை. குழல் இல்லாமல் நட்டை இறுக்கிக்கொண்டே போனதுதான் பழைய ஃபேரிங்குகளில் துளையைச் சுற்றிக் காணும் முக்கால்வாசி விரிசலுக்குக் காரணம்.

திருகு தளராமல் இருக்கத் திரவ லாக் போடுவது பழக்கம். ஏபிஎஸ், அக்ரிலிக், பாலிகார்பனேட் மூன்றையும் அது விரிசல் விடவைக்கும். பிளாஸ்டிக்குப் பக்கத்தில் நைலான் வளையம் உள்ள நட்டு மட்டும்.

14. ஹெட்லைட், ஓட்டிப் பார்ப்பது

நீங்கள் ஏறி உட்கார்ந்து, பெட்டிகளில் வழக்கமான சுமை வைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிற்கவும். லோ பீமின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் மையத்தைவிடச் சுவரில் 10 செ.மீ. தாழ்ந்து விழ வேண்டும். காலிப் பெட்டியோடு சரிசெய்தால் சுமை ஏறியதும் முன்பகுதி தூக்கி எதிரே வருபவரின் கண் கூசும். ஹெட்லைட் இனி ஹேண்டிலோடு திரும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். நெளிந்த சாலையில் இரவில் முதல் சில நாட்கள் பழக வேண்டும்.

முதல் ஓட்டம் பெட்டிகள் இல்லாமல், காற்று குறைவான நாளில், காலி சாலையில். 60, 80, 100 என்று படிப்படியாக. அடுத்த ஓட்டம் காலிப் பெட்டிகளோடு, மூன்றாவது சுமையோடு. எல்லாவற்றையும் ஒன்றாக மாட்டி ஓட்டினால் ஆட்டம் வரும்போது எது காரணம் என்றே தெரியாது.

ஆட்டம் இரண்டு விதம். ஹேண்டில் மட்டும் வேகமாகப் படபடத்தால் முன் டயர், சக்கர பேலன்ஸ், கோன் செட்டைப் பாருங்கள். முழு வண்டியும் வினாடிக்கு இரண்டு மூன்று முறை மெதுவாக அலைந்தால் பின்பக்கம்: டயர் காற்று, சுவிங் ஆர்ம் புஷ், குறுக்குக் கம்பி, பின்னால் ஏறிய எடை. இரண்டிலும் ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள், முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்காதீர்கள்.

காற்றால் குளிரும் எஞ்சினில் காலை மறைக்கும் கீழ்த் தகடுகள் இருந்தால் சிலிண்டருக்குக் காற்று போகிறதா என்று கவனியுங்கள். நெரிசலில் ஐடில் ஏறுவதும், மேட்டில் தட்டும் சத்தம் வருவதும் சூட்டின் அடையாளம். வெயில் காலத்தில் அவற்றைக் கழற்றிவிடலாம்.

100 கி.மீ. ஓடியதும் எல்லாக் கிளாம்பையும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். முதல் முறை பெரும்பாலும் கால் சுற்று வாங்கும். 500 கி.மீ.யில் மறுபடி பார்க்கும்போதும் அதே போல்ட் தளர்ந்திருந்தால் மேலும் இறுக்காமல் கழற்றுங்கள்: கிளாம்பின் அடியில் பெயின்ட் நசுங்குகிறது, அல்லது மரை நீண்டுவிட்டது.